ரஹீம் சாஹிபும் நமது மைதானங்களும்

2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாளை ஒட்டி, ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வெளியானது. அமித் சர்மாவின் இயக்கத்தில் அஜய் தேவ்கன் நடித்த அப்படத்தின் நாயகர் ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர். அதனைப் பார்த்த எங்கள் கல்முனைப் பகுதி இளைஞர்கள் சிலர், “காக்கா, இப்படியொரு மனிதர் மெய்யாகவே இருந்தவரா?” என்று என்னிடம் வினவினர். அவ்வினாவிற்கான விடையே இக்கட்டுரை.

ஆம், இருந்தார். அவரது பெயர் சையத் அப்துல் ரஹீம். ‘ரஹீம் சாஹிப்’ என்றே வீரர்கள் அவரை அழைத்தனர். 1909 ஆகஸ்ட் 17 இல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்று, பாடசாலை ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். 1943 இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். அவரது பயிற்சியில் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

ஆசிரியருக்குரிய பொறுமை அவரது பயிற்சி முறையெங்கும் தெரிகிறது. வலது காலால் மட்டுமே பந்தை உதைத்துப் பழகியவர்களுக்காக, பலவீனமான காலால் மாத்திரமே ஆட வேண்டும் என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைத் தடைசெய்த போட்டிகளையும் நடத்தினார். பந்து வந்தவுடன் தோழனுக்குக் கொடு என்பதே அவர் புகட்டிய பாடம்.

செகந்தராபாத்தின் அம்முகுடா கிராமத்தில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்து போகப் பணமில்லை என்று அவர் தயங்கியபோது, சைக்கிளில் வருவதற்கான செலவை ரஹீமே கொடுத்தார். அந்தப் பலராம், பின்னர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார்.

இந்திய அணியின் பயிற்றுவிப்பாளராக ரஹீம் கண்ட ஏற்றமும் இறக்கமும் பல. 1951 இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், ஈரானை 1-0 என வென்று தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனப் படுதோல்வி. அன்று இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். ஆனால் 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய நாடாக இந்தியா விளங்கியது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவுக்குச் சென்றபோது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. பாதுகாப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். செகந்தராபாத் தமிழரான கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். போதாக்குறைக்கு, இஸ்ரேலும் தாய்வானும் விழாவிலிருந்து விலக்கப்பட்டதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால், நகரமே இந்தியர் மீது சினம் கொண்டிருந்தது.

தலையில் தையலுடன் இருந்த ஜர்னைல் சிங்கை, ரஹீம் முன்னணித் தாக்குதல் வீரராக்கினார். செப்டெம்பர் 4 ஆம் திகதி இறுதிப் போட்டியில், 1956 இலும் 1960 இலும் ஆசியக் கிண்ணம் வென்றிருந்த அதே தென்கொரியா. தங்கராஜ் மீண்டும் கோல் காத்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடிய அரங்கில் இந்தியாவுக்கு ஆதரவாக எழுந்த குரல்கள் வெகு சில. அவற்றுள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினரின் குரல்களும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. 17 ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20 ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். 2-1 என இந்தியா தங்கம் வென்றது.

ஒன்பது மாதங்களுக்குப் பின், 1963 ஜூன் 11 இல் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா அதன்பின் தங்கம் பெறவில்லை. 1960 க்குப் பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திலும் அது இடம்பெறவில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தை உயர்த்திய பில் ஷாங்க்லி 1981 இல் மறைந்தார். மறு ஆண்டே அன்ஃபீல்ட் மைதானத்தில் அவர் பெயரில் வாயிற்கதவுகள் எழுந்தன. 1997 இல் சிலையும் எழுந்தது. ரஹீமின் கதை உலகெங்கும் உள்ள ரசிகர்களைத் திரையில் எட்டுவதற்கோ அறுபது ஆண்டுகள் கடந்தன. அதுவரை அவரது நினைவைச் சுமந்தவர்கள் அவரது மாணவர்களே. வயது முதிர்ந்த காலத்திலும், பேட்டி காண வந்தவர்களிடமெல்லாம் தம் ஆசானைப் பற்றியே பேசினார்கள். ஆனால் தங்கராஜ் 2008 இல் மறைந்தார். பானர்ஜியும், 1962 அணியின் தலைவர் சுனி கோஸ்வாமியும் 2020 இல் மறைந்தனர். ரஹீமின் மகனும் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவருமான எஸ்.எஸ். ஹக்கீம் 2021 இல் காலமானார். பலராம் 2023 பெப்ரவரியில் விடைபெற்றார். ரசிகர்கள் திரையரங்கில் கைதட்டியபோது, அக்கைதட்டலைக் கேட்டு மகிழ வேண்டியவர்களுள் பெரும்பாலோர் இல்லை.

இதனை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களில், மறைந்தவர்களின் பெயரால் ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகள் நடத்துவது நல்ல வழக்கம். அவற்றின் செய்திகளைப் பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு வெளியிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். கோல் அடித்தவர் பெயர் வரும். கிண்ணம் வழங்கிய பிரதம அதிதியின் பெயர் தவறாமல் வரும். மாலை தோறும் மணலில் நின்று விசில் ஊதிய ஆசிரியரின் பெயர் அநேகமாக வராது. எஞ்சியிருந்த சான்றுகளும் 2004 டிசம்பர் 26 இல் பெரிதும் அழிந்தன. கடலோர வீடுகளைக் கொண்டு சென்ற ஆழிப்பேரலை, சுவரில் மாட்டியிருந்த அணிப் புகைப்படங்களையும் அலுமாரியிலிருந்த சான்றிதழ்களையும் சேர்த்தே கொண்டு சென்றது.

ஆகவே அத்தகைய பயிற்றுவிப்பாளர்களின் வரலாறு இன்று முதியவர்களின் நினைவில் மாத்திரமே தங்கியிருக்கிறது. மௌத்தானவருக்காக யாசீன் ஓதுகிறோம், துஆக் கேட்கிறோம். அத்தோடு ஒரு கொப்பியையும் எடுத்துச் சென்று, அவரிடம் பழகிய மூத்த வீரரின் அருகே ஒரு மாலை அமருங்கள். எந்த ஆண்டு, எந்த மைதானம், யார் யார் ஆடினர், அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். ரஹீம் சாஹிபுக்கு அவரது மாணவர்கள் அறுபது ஆண்டுகள் சாட்சியாக இருந்தனர். நம்மவர்களின் சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.