புகை எங்கிருந்து வருது? ஒரு பிக்கப், ஒரு டர்போ, நூறு வருஷ கொங்கு பட்டறைக் கதை

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

எங்க மாமா மேட்டுப்பாளையத்துல ஒரு பிக்கப் வண்டி வெச்சிருக்கார். ஊட்டியில கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏத்தி, மேட்டுப்பாளையம் மண்டியில இறக்குறதுதான் பொழப்பு. போன வருஷம் ஒரு நாள் காலையில கூப்பிட்டார். "மாப்ள, வண்டி மறுபடியும் நீலமாப் பொகை தள்ளுதுடா. டர்போ போயிருச்சுங்கறாங்க."

அந்த "மறுபடியும்" தான் எனக்கு இடிச்சுது. மூணு மாசத்துக்கு முன்னாடிதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல டர்போ மாத்தியிருந்தாங்க. முப்பதாயிரத்துக்கு மேல செலவு. வண்டிக்கு இன்னும் டியூ கட்டிக்கிட்டிருந்தார். இன்னொரு டர்போன்னா வட்டிக்குத்தான் வாங்கணும். அதுவும் மூணு மாசத்துல போச்சுன்னா? அப்போ வண்டியை விக்கறதைப் பத்தியே பேச ஆரம்பிச்சுட்டார்.

சரி, முதல்ல புகை. டீசல் வண்டிப் புகைக்கு நிறம் உண்டு. கறுப்புன்னா டீசல் அதிகம், காத்து பத்தலை. வெள்ளைன்னா டீசல் எரியாமலே வெளிய வருது, இல்லை கூலன்ட் தண்ணி உள்ள இறங்குது. நீலம்னா எஞ்சின் ஆயில் எரியுது. இது பழைய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா நீலம்னு சொல்றது பாதி பதில்தான். ஆயில் எந்த வழியா உள்ள போச்சு? அதுதான் மீதி. மாமா வண்டியில மூணு மாசமா யாரும் கேட்காத கேள்வியும் அதுதான்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். ரொம்பப் பின்னாடி இல்லை, 1905.

சுவிட்சர்லாந்துல ஆல்ஃபிரட் பியூகின்னு ஒரு இன்ஜினியர். எஞ்சினோட எக்ஸாஸ்ட்ல சூடும் வேகமும் சும்மா வீணாப் போகுதேன்னு யோசிச்சார். அந்தப் புகை போற வழியில ஒரு சக்கரத்தை வெச்சு, அதே தண்டோட மறுமுனையில இன்னொரு சக்கரத்தை வெச்சு, அது காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுனா? 1905ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம டர்போன்னு சொல்றது அதுதான். ஆனா உருப்படியா வேலை செய்ய இருபது வருஷம் ஆச்சு. 1920களோட நடுவில் ரெண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்ல அதை மாட்டினாங்க. 1,750 குதிரைசக்தி எஞ்சின் 2,500 கொடுத்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு சோதனை நடந்தது. ஊட்டி ரோடு தெரிஞ்சவங்களுக்கு அது சட்டுனு புரியும். மேல போகப் போக காத்து மெலிசாகும், விமான எஞ்சின் மூச்சுத் திணறும். முதல் உலகப் போர் சமயத்துல, 1918ல், அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்கிற இன்ஜினியர் ஒரு விமான எஞ்சினை லாரியில ஏத்தி, கொலராடோவுல இருக்கற பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனார். 14,000 அடிக்கு மேல. கீழ 350 குதிரைசக்தி தந்த எஞ்சின், உச்சியில டர்போ இல்லாம 230 தான் தந்தது. டர்போ மாட்டினதும் 356.

ஊட்டி அவ்வளவு உயரம் இல்லை, சுமார் 2,240 மீட்டர். ஆனா அங்கயும் காத்தோட அடர்த்தி கீழ இருக்கறதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய லாரிங்க கல்லாறு தாண்டி பர்லியார் ஏறும்போது கறுகறுன்னு தள்ளினதுக்கு இது ஒரு காரணம். உள்ள டீசல் இருக்கு, எரிக்கக் காத்து இல்லை. சின்ன வயசுல பஸ்ஸுல ஜன்னலை மூடச் சொல்லி அம்மா அதட்டுனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆக, டர்போ நம்ம ஊர் வண்டிக்கு வந்ததுல ஒரு பங்கு புகையைக் குறைக்கத்தான். இழுவைக்கும்தான், சந்தேகமில்லை. ஆனா சின்ன வண்டிக்கெல்லாம் அது பரவினதுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் பெரிய காரணம். 2000ல் முதல் கட்டம். 2010 ஏப்ரல்ல பிஎஸ்-4 வந்தப்போ 13 நகரங்களுக்கு மட்டும்தான், அதுல சென்னை இருந்தது, கோயமுத்தூர் இல்லை. நாடு முழுக்க பிஎஸ்-4 ஆனது 2017 ஏப்ரல்லதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6. 2005ல் வந்த டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, டர்போ இல்லாத ரெண்டு சிலிண்டர் எஞ்சின். இன்னைக்கு புதுசா ஒரு டீசல் பிக்கப் வாங்கப் போனா, டர்போ இல்லாம கிடைக்கறது கஷ்டம்.

வண்டி மாறிடுச்சு. அதைப் பார்க்கற கண்ணு அந்த வேகத்துல மாறுச்சா? இங்கதான் கொங்கு நாட்டுக் கதைக்குள்ள வர்றோம்.

கோயமுத்தூர்ல மோட்டார் கதைன்னா ஜி.டி. நாயுடு இல்லாம ஆரம்பிக்க முடியாது. கலங்கல் கிராமத்துல 1893ல் பிறந்தவர். ஒரு வெள்ளைக்காரர்கிட்ட இருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சு மாட்டிப் பார்த்தவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ். அது வளர்ந்துதான் யு.எம்.எஸ். கம்பெனி ஆச்சு. அவரை எல்லாரும் 'கண்டுபிடிப்பாளர்'னே சொல்லிப் பழகிட்டாங்க. எனக்கு என்னவோ அவர் முதல்ல ஒரு பெரிய ரிப்பேர்காரர்னுதான் தோணும். பிரிச்சுப் பார்க்காம எதையும் நம்பாத ஆள். 1945ல் ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பிக்க முன்னின்றவரும் அவர்தான். அவிநாசி ரோட்ல 'ஹோப்ஸ் ஸ்டாப்'ல இறங்கறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த ஹோப் யாருன்னு தெரியும்? மெட்ராஸ் கவர்னர்.

அந்தக் காலத்துல இன்னொரு விஷயம் நடந்தது. ரெண்டாம் உலகப் போர். 1941ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் ஓடணுமே? பின்னாடி ஒரு பெரிய இரும்பு உருளை அடுப்பை மாட்டினாங்க. அதுல மரக்கரியைப் போட்டு மூட்டம் போட்டா வர்ற வாயுவுல எஞ்சின் ஓடும். கரி பஸ். தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. காலையில வண்டி கிளம்பறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே கிளீனர் வந்து கையால சுத்துற ஊதுகாத்தாடியைச் சுத்தணும். மேடு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளணும்.

இந்தக் கரி பஸ்ஸுக்கும் என் மாமா டர்போவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. கரி வாயுவோட சாம்பலும் தாரும் சேர்ந்து வரும். நடுவுல இருக்கற வடிகட்டி சரியில்லைன்னா அது எஞ்சினுக்குள்ள போய் வால்வுல ஒட்டிக்கும். பார்க்கறவங்களுக்கு எஞ்சின் கெட்டுப் போச்சுன்னு தெரியும். வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டலாம், ஆனா வடிகட்டியைத் தொடாம விட்டா அடுத்த வாரம் அதே கதை. கெட்டுப் போன இடம் ஒண்ணு, கெடுத்த இடம் ஒண்ணு.

மாமா வண்டியை நான் சுந்தராபுரம் பக்கம் ஒரு பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல. பஸ் ஷெட்ல ஹெல்பரா ஆரம்பிச்சவர். மாமா வண்டியை நிறுத்தினதுமே, "டர்போ போயிருச்சுங்க"ன்னார். அண்ணன் பானெட்டைக்கூடத் தூக்கலை.

"ஏனுங், மூணு மாசத்துல ரெண்டு டர்போ போகுதுன்னா, தப்பு டர்போ மேலங்களா? பொகை எப்ப வருதுன்னு சொல்லுங்க மொதல்ல."

ரொம்ப நேரம் சும்மா ஓடிட்டு நிக்கும்போதும், அப்புறம் ஆக்சிலேட்டர் மிதிச்சதும்னு மாமா சொன்னார். இது முக்கியம். காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு குப்புன்னு வந்து நின்னா வால்வு சீலைச் சந்தேகப்படணும். லோடுல ஏறும்போது விடாம வந்தா பிஸ்டன் ரிங். ஐடிலிங்ல சேர்ந்து, மிதிச்சதும் மொத்தமா வெளிய வந்தா, டர்போ வழியா ஆயில் கசிய வாய்ப்பு அதிகம். அதாவது மாமா சொன்னதும் முழுத் தப்பு இல்லை. ஆயில் டர்போ வழியாத்தான் போகுது. ஆனா ஏன்?

அண்ணன் ஒவ்வொண்ணாப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தார். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து அடிச்சா ரிங் தேய்ஞ்சு அழுத்தம் கீழ இறங்குதுன்னு அர்த்தம், அந்த அழுத்தமே டர்போ ஆயிலைத் திரும்ப விடாது. அது ஒழுங்கா இருந்தது. ஏர் ஃபில்டர், பரவாயில்லை. அடைச்சிருந்தா டர்போ காத்துக்குப் பதிலா ஆயிலை உறிஞ்சும். இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டினார், உள்ள லேசா ஈரம். அது சகஜம், பயப்பட வேண்டாம்னார். தேங்கி நின்னாத்தான் பிரச்சனை. அப்புறம் டர்போவோட சக்கரத்தை விரலால ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டுல துளி ஆட்டம். மாமா முகம் சுருங்கிப் போச்சு.

"அது இருக்கணுமுங்க. இல்லீன்னாத்தான் கோளாறு."

இதை நான் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அந்த வேகத்துல அது எந்த இரும்பையும் தொட்டுக்கிட்டு ஓட முடியாது, ஒரு மெல்லிய ஆயில் படலத்து மேல மிதக்குது. அந்தப் படலத்துக்கு இடம் வேணும், அதனாலதான் அந்த ஆட்டம். சக்கரம் சுத்துச் சுவரைத் தட்டினாத்தான் போச்சு. இது தட்டலை. புது டர்போ நல்லாத்தான் இருந்தது.

மிச்சம் ஒரே ஒரு பைப். டர்போவுக்கு ஆயில் ஒரு சின்ன பைப் வழியா அழுத்தத்தோட வரும். வேலை முடிஞ்சு நுரைச்சுப் போய், வெறும் புவிஈர்ப்புல மட்டும் கீழ சேம்பருக்கு இறங்கும். அதனாலதான் ரிட்டர்ன் பைப் பெருசா இருக்கும். அண்ணன் அதைக் கழட்டி வெளிச்சத்துல காட்டினார். உள்ள வாயோரத்துல பிசின் மாதிரி ஒரு கட்டி. கேஸ்கட் பேஸ்ட். முதல் டர்போ மாத்தினப்போ லீக் ஆகக்கூடாதுன்னு யாரோ தாராளமாத் தடவி இறுக்கியிருக்காங்க, அது உள்பக்கம் பிதுங்கி பாதி வழியை அடைச்சிருக்கு. கீழ இறங்க வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள்ள போயிருக்கு.

மாமாவோட பங்கும் இருந்தது. ஆயில் குறையுதேன்னு வாரா வாரம் ஊத்தி, டிப் ஸ்டிக்ல மேல்கோட்டையும் தாண்டி வெச்சிருந்தார். சேம்பர் நிரம்பினா ரிட்டர்ன் பைப்போட கீழ்வாயும் முங்கிடும். பழைய எஞ்சின்ல 'கொஞ்சம் கூட இருந்தா நல்லது'ங்கற பழக்கம் செல்லும். இங்க செல்லாது.

இப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். அண்ணன் சிரிக்கலை. இது எக்ஸாஸ்ட் பக்கம் கசிஞ்சதால வெறும் புகையோட போச்சு. காத்து பக்கம் நிறைய கசிஞ்சா, டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கும். சாவியை அணைச்சாலும் நிக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும், வெடிக்கிற வரைக்கும். அப்போ பெரிய கியர்ல போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு அடைக்கணும், இல்லை காத்து வழியை ஒரு பலகையால மூடணும். கையால மூடவே கூடாது. குன்னூர் இறக்கத்துல அது நடந்தா? மாமா ஒண்ணும் பேசலை.

அப்போ முதல் டர்போ எதனால போச்சு? பழைய ஆயில், தள்ளிப் போட்ட சர்வீஸ், ஊட்டி ஏறி முடிச்சதும் அந்தச் சூட்டோட உடனே ஆஃப் பண்றது. எஞ்சின் நின்னதும் ஆயில் ஓட்டம் நின்னுடும், தண்டு சூட்டுல அங்க தங்கின ஆயில் கருகிக் கரியாகும். ஒரு ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விட்டிருந்தா போதும். டர்போ இல்லாத வண்டியில இருபது வருஷம் ஓட்டின மனுஷனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யாரு? வண்டியோட வந்த புக்ல இருந்திருக்கும். டேஷ்போர்டு டப்பாவுல, இன்சூரன்ஸ் பேப்பருக்கு அடியில.

பைப்பைச் சுத்தம் பண்ணி, புது கேஸ்கட் வெச்சு, பேஸ்ட் இல்லாமலே மாட்டினார். ஆயில், ஃபில்டர் மாத்தி, கோட்டுக்குள்ள நிறுத்தினார். எல்லாம் சேர்த்து இன்னொரு டர்போ விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகலை. "ரெண்டு நாள் பொகை வருமுங்க, பயந்துராதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பினார். சைலன்சருக்குள்ள தங்கின ஆயில் எரிஞ்சு தீரணுமே.

மூணாவது நாள் சாயந்திரம் குன்னூர்ல டீ குடிக்க நிறுத்தினப்போ மாமா போன் பண்ணார். பின்னாடி எஞ்சின் ஓடற சத்தம் கேட்டுது.

"ஆஃப் பண்ணலியா மாமா?"

"இருடா, இன்னும் ஒரு நிமிஷம்."