கிரகரியின் கால் ஏக்கர்

நுவரெலியாவுக்குப் போன எல்லாருக்கும் கிரகரி வாவியைத் தெரியும். படகு ஓடியிருப்பம், அவிச்ச சோளம் வாங்கித் தின்றிருப்பம், படம் எடுத்திருப்பம். கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு முன்னால் நிற்கிற சிலையும் அதே ஆளுடையதுதான். வில்லியம் ஹென்றி கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். வாவி, நூதனசாலை, வடமத்திய மாகாணம் மூன்றும் அவருடைய காலத்தில் வந்தவை. ஆனால் அவர் பிறந்த அயர்லாந்தில் அவரை வேறொரு விசயத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அது ஏழைகளின் வீட்டுத்தோட்டம் பற்றிய ஒரு சட்டம். அந்தக் கதை ஒரு மழைக் கோடையில் தொடங்குகிறது.

1840களின் அயர்லாந்தில் காணி பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. அவர்களில் கனபேர் இருந்தது இங்கிலாந்தில். கூலிக் குடும்பம் ஒன்று அடுத்தவனின் வயலில் வேலை செய்து, அந்தக் கூலிக்குப் பதிலாக ஒரு குடிசையையும் அதோடு ஒட்டின துண்டு நிலத்தையும் பெற்றுக்கொள்ளும். வயலில் விளைகிற ஓட்ஸும் கோதுமையும் வீட்டில் வளர்க்கிற பன்றியும் குத்தகைக் காசுக்குப் போய்விடும். சாப்பாடு குடிசைக்குப் பக்கத்தில் போட்ட மேட்டுப்பாத்தியில்தான். வசந்தத்தில் நட்டு, இலையுதிர் காலத்தில் கிண்டி, குழியில் மூடி வைத்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிற உருளைக்கிழங்கு. பழைய கிழங்கு முடிந்து புதுக் கிழங்கு வராத யூலை, ஓகஸ்ட் எப்பவும் பசி மாதங்கள்.

வேலை செய்கிற ஒரு ஆண் ஒரு நாளைக்கு ஐந்து கிலோ வரை கிழங்கு சாப்பிட்டிருக்கிறான். மோரும் சேர்ந்தால் அது சத்தான சாப்பாடுதான். நாட்டில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேருக்கு அதைவிட வேறு சாப்பாடு இல்லை. அநேகமானோர் நட்டது ‘லம்பர்’ என்ற ஒரே இனம். ஈரமான மோசமான மண்ணிலும் அது நன்றாக விளையும். ஆனால் கிழங்கை வெட்டி வெட்டி நடுவதால் எல்லாச் செடியும் ஒன்றின் நகல் மாதிரி. ஒன்றைப் பிடிக்கிற நோய் எல்லாவற்றையும் பிடிக்கும்.

1845 கோடை குளிரும் மழையும் புகாருமாகக் கழிந்தது. பெல்ஜியத்தில் முதலில் தெரிந்த ஒரு நோய், இங்கிலாந்தைக் கடந்து ஓகஸ்டில் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. இலை ஓரத்தில் தண்ணீர் ஊறினமாதிரி ஒரு கறை விழும், பிறகு கறுக்கும், சில நாட்களில் பாத்தி முழுக்க அழுகி மணக்கும். இலையிலிருந்து நோய்வித்துகளை மழை கழுவி மண்ணுக்குள் இறக்க, கிழங்கும் அழுகும். எங்கட மலைநாட்டில் உருளைக்கிழங்கும் தக்காளியும் செய்கிற ஆக்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். அந்த வருடம் விளைச்சலில் ஒரு பகுதி போனது. 1846இல் கிட்டத்தட்ட எல்லாமே போனது. மதுவொழிப்புக்காகப் பேர்பெற்ற பாதிரியார் தியோபோல்ட் மத்தியூ, யூலை 27ஆம் திகதி கோர்க் நகரிலிருந்து டப்ளினுக்குப் போகும்போது வழியெல்லாம் செடிகள் பூத்து நின்றன. ஓகஸ்ட் 3ஆம் திகதி திரும்பி வரும்போது அதே பாதையில் அழுகின தோட்டங்களையும், வேலியில் இருந்து கதறுகிற சனங்களையும் கண்டார்.

படித்தவர்கள் காரணத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். தாவரவியல் பேராசிரியர் ஜோன் லிண்ட்லி, செடி அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்ததால் அழுகியது என்றார். மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார், இலையில் தான் கண்ட பூஞ்சைதான் காரணம் என்று 1846இல் எழுதினார். சரியாகச் சொன்னவர் பெர்க்லி. அதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளக் கனகாலம் எடுத்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிற மருந்து வந்தது 1880களில். 1845இல் அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவோ, கிழங்கைக் காயவை, காற்றோட்டமான குழியில் போடு, அழுகினதைத் துருவி மா எடு என்று சனத்துக்கு ஆலோசனை சொன்னது.

நோயை நிறுத்த அப்போது யாராலும் முடிந்திருக்காது. பசியைக் குறைக்க முடிந்திருக்கும். பிரதமர் றொபேட் பீல் அமெரிக்காவிலிருந்து சோளம் வாங்கி இறக்கினார். அவருக்குப் பின் வந்த அரசாங்கம் சந்தை தானாகச் சரிசெய்யும் என்று நம்பியது. ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக்கொண்டே இருந்தன. 1847இல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம் அதிகம், ஆனால் அதை வாங்கச் சனத்திடம் காசு இல்லை. அந்த வருடம் இலவசக் கஞ்சி கொடுத்தார்கள். யூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைக் குடித்தார்கள். செய்ய மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. இலையுதிர் காலம் வர அதை மூடிவிட்டு, இனி வறியோர் சட்டத்தின் கீழ் மட்டும்தான் நிவாரணம் என்றார்கள்.

கிரகரி வருவது இங்கேதான். அப்போது அவர் டப்ளினின் பாராளுமன்ற உறுப்பினர், கோல்வேயில் சொந்தக் காணி உள்ள குடும்பம். 1847இல் வறியோர் சட்டத்தில் அவர் சேர்ப்பித்த பிரிவு சொன்னது இதுதான்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை. கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் 4 பரப்பு. நிலத்தை விட்டால் இன்றைக்குச் சாப்பாடு கிடைக்கும், அடுத்த வருடம் நட இடம் இருக்காது. நிலத்தைப் பிடித்துக்கொண்டால் இன்றைக்கே பட்டினி. நிலத்தை ஒப்படைக்கப் போனவர்களிடம் குடிசையையும் சேர்த்துக் கேட்டார்கள், கூரையைப் பிரித்தார்கள். காணியைக் காலிபண்ணக் காத்திருந்த நிலப்பிரபுக்களுக்கு இது நல்ல வசதி. 1841இல் 81 லட்சமாக இருந்த சனத்தொகை 1851இல் 65 லட்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிடக் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு கிரகரி இங்கே வந்தபோது மலைநாட்டில் கோப்பி இலையில் இன்னொரு பூஞ்சை பரவிக்கொண்டிருந்தது. 1869இல் பேராதனையிலிருந்து அந்த இலையை அனுப்பியது அதே பெர்க்லியிடம்தான். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர்களில் அவரும் ஒருவர். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோப்பிக் காட்டில் உழைத்த சனம் லயனிலேயே இருந்தது. அந்தச் சந்ததிக்குக் கொடுக்கிற காணி 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. பஞ்சத்து அயர்லாந்தில் ‘இதற்கு மேல் இருந்தால் நீ ஏழை இல்லை’ என்று கிரகரி கோடு போட்டது 40 பேர்ச்சில்.

2022 யூனில் எங்கட அரசாங்கம் வீட்டில் பயிர் வையுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. வளவு உள்ளவர்கள் கத்தரியும் பயற்றையும் வைத்தோம், சிலருக்கு நன்றாகவும் காய்த்தது. வீட்டுத்தோட்டம் நல்ல விசயம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ‘நீங்களே விளைவித்துச் சாப்பிடுங்கள்’ என்று சொல்பவரிடம் கேட்க இரண்டு கேள்வி இருக்கு. எந்தக் காணியில்? மழை கெடுத்தால் அந்த வருடம் யார் சோறு போடுவது? அயர்லாந்துக்காரர் நன்றாகத்தான் தோட்டம் செய்தார்கள். அவர்களுக்கு இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கவில்லை.