மலிவுப் படகும் ஆழ்கடலும் – செங்கடல் சொல்லும் பாடம்

ஸ்கூபா முக்குளிப்பவர்கள் மத்தியில் 'லிவ்அபோர்டு' என்று ஒரு சொல் உண்டு. கரையில் ஓட்டல் எடுத்துத் தங்காமல், படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே தூங்கி, ஒரு வாரம் முழுக்கக் கடலில் இருந்தபடியே முக்குளிக்கும் பயணத்துக்குத்தான் அந்தப் பெயர். காலையில் கண் விழித்தால் பவளப்பாறை படகுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை கூட கடலுக்குள் இறங்கலாம்.

ஒரு காலத்தில் இது விஞ்ஞானிகளும் பெரும் பணக்காரர்களும் மட்டுமே செய்யக்கூடிய காரியம். இன்று கல்லூரி மாணவர்கள் கூட காசு சேர்த்துவைத்துப் போகிறார்கள். உலகில் இந்தப் பயணம் மலிவாகக் கிடைக்கும் இடங்களில் முக்கியமானது எகிப்தின் செங்கடல். அது எப்படி மலிவானது? அந்த மலிவுக்கு யார் விலை கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஒரு படகைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதல் படகுகள்

1943 இல் பிரான்ஸ் நாட்டின் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். அதற்கு முன் நீருக்கடியில் அதிக நேரம் இருக்க வேண்டுமானால் கனமான செம்புத் தலைக்கவசம் அணிந்து, மேலே படகிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை நம்பியே பெரும்பாலோர் இருந்தார்கள். அக்வாலங் வந்ததும் மனிதன் முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு மீனைப் போலச் சுதந்திரமாக நீந்த முடிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். காலியான சிலிண்டரில் மறுபடி காற்று நிரப்ப கம்ப்ரஸர் வேண்டும். அது கரையில் இருந்தால், கரைக்கு எட்டாத பாறைகளை எட்டவே முடியாது. தீர்வு என்ன? கம்ப்ரஸரையே படகில் ஏற்றிவிடுவது!

கூஸ்தோ அதைத்தான் செய்தார். இரண்டாம் உலகப்போரில் கண்ணிவெடி அகற்றுவதற்காக அமெரிக்காவில் மரத்தால் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுக்கப்பட்ட கப்பல் ஒன்று, போருக்குப் பின் மால்ட்டா தீவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகாக ஓடிக்கொண்டிருந்தது. லோயல் கின்னஸ் என்ற செல்வந்தர் 1950 இல் அதை வாங்கி, ஆண்டுக்கு ஒரு ஃப்ராங்க் என்ற பெயரளவு வாடகைக்குக் கூஸ்தோவிடம் கொடுத்தார். அதுதான் புகழ்பெற்ற கலிப்ஸோ. 1951 இன் இறுதியில் அது தன் முதல் பெரிய ஆய்வுப் பயணமாகப் போன இடம் செங்கடல்.

அதே காலத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் என்பவரும் செங்கடலில் முக்குளித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஸரிஃபா என்ற மூன்று பாய்மரக் கப்பலை வாங்கினார். 1953-54 இல் அதில் காலாப்பகோஸ் வரை போனார். 1957-58 பயணத்தில் செங்கடல் வழியாக மாலத்தீவுக்கும் நிக்கோபாருக்கும் வந்தார். படகில் தங்கி, படகில் காற்று நிரப்பி, படகிலிருந்தே குதிக்கும் இன்றைய முறையை இந்த இரண்டு கப்பல்களிலும் அன்றே காணலாம்.

கூஸ்தோவின் 'மௌன உலகம்' படம் 1956 இல் கான் விழாவின் உயரிய பரிசை வென்றது. ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் அதைப் பார்த்துக் கடலுக்குள் இறங்க ஆசைப்பட்டார்கள்.

படகு ஏன் தேவைப்பட்டது?

அந்தப் படத்தில் ஒரு மூழ்கிய கப்பல் வரும். அதன் பெயர் திஸில்கார்ம். பிரிட்டனின் எட்டாவது படைக்காக லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், வெடிபொருட்கள், ரயில் என்ஜின்கள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த சரக்குக் கப்பல் அது. சூயஸ் கால்வாய்க்குள் நுழையக் காத்திருந்தபோது, 1941 அக்டோபர் 6 அன்று நள்ளிரவுக்குப் பின் ஜெர்மன் விமானம் ஒன்று குண்டு வீசி மூழ்கடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். கூஸ்தோவுக்குப் பிறகு பல ஆண்டுகள் அது கிடந்த இடம் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் மறுபடி கண்டறியப்பட்டதும் உலகின் மிகப் பிரபலமான மூழ்கிய கப்பல்களில் ஒன்றாகிவிட்டது.

ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலுக்கு, கரையிலிருந்து ஒருநாள் படகில் போக மட்டுமே பல மணி நேரம் ஆகும். பிரதர்ஸ் தீவுகளோ கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. 1883 இல் பிரிட்டிஷார் கட்டிய கலங்கரை விளக்கத்தைத் தவிர அங்கே தங்குவதற்கு ஒன்றும் கிடையாது. டீடலஸ் பாறை இன்னும் தொலைவு. ஆக, படகில் தங்குவது ஆடம்பரம் அல்ல; அந்த இடங்களை நிதானமாகப் பார்க்க அதுவே வசதியான வழி.

எப்படி மலிவானது?

1967 போரில் சினாய் தீபகற்பம் இஸ்ரேல் வசம் போனது. முக்குளிப்பாளர்கள் அங்கே வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 1982 இல் சினாய் எகிப்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே ராஸ் முகமது தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஷார்ம் எல் ஷேக்கும் ஹுர்கதாவும் மீனவர் குடியிருப்புகள் என்ற நிலையிலிருந்து சுற்றுலா நகரங்களாக வளர்ந்தன. ஐரோப்பாவிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் வந்து இறங்கும் சார்ட்டர் விமானங்கள் வந்தன. உள்ளூர் மரத்தச்சர்கள் பல அடுக்கு மரப்படகுகளைக் கட்டினார்கள். ஆட்கூலி குறைவு, தூரம் குறைவு, படகுகள் ஏராளம். போட்டி வந்தால் விலை இறங்கத்தானே செய்யும்?

அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. எகிப்தின் சுற்றுலா அடிக்கடி அடி வாங்கியது. 1997 நவம்பரில் லக்ஸரில் நடந்த தாக்குதலில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். 2005 இல் ஷார்மில் குண்டு வெடித்தது. 2011 இல் புரட்சி வந்தது. 2015 அக்டோபர் 31 அன்று ஷார்மிலிருந்து புறப்பட்ட ரஷ்யப் பயணிகள் விமானம் வெடித்து 224 பேரும் இறந்தார்கள். பிரிட்டன் ஷார்முக்கான விமானங்களை 2019 வரை நிறுத்தி வைத்தது. 2020 இல் கொரோனா. ஒவ்வொரு முறையும் பயணிகள் ஓடிப்போனார்கள், படகுகள் மட்டும் கரையில் நின்றன.

பயணி இல்லாத காலத்தில் படகு முதலாளி என்ன செய்வார்? விலையைக் குறைப்பார். குறைத்த விலையை எங்கிருந்து ஈடு கட்டுவார்? பயணியின் கண்ணுக்குத் தெரிகிற சாப்பாட்டிலும் மெத்தையிலும் கை வைத்தால் கெட்ட பெயர் வரும். கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள், புகை உணரும் கருவிகள், இரவுக் காவலாளின் சம்பளம் இவற்றில் கை வைத்தால் உடனே யாருக்கும் தெரியாது. எல்லா முதலாளியும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அப்படிச் செய்ய இடம் இருக்கிறது என்பதுதான் ஆபத்து.

கடல் வாங்கிய விலை

2019 செப்டம்பர் 2. இடம் செங்கடல் அல்ல, அமெரிக்காவின் கலிஃபோர்னியா. கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு அதிகாலையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். அந்தத் தூங்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஆனால் இரண்டுமே மேலே ஒரே கூடத்தில்தான் போய்த் திறந்தன. அந்தக் கூடம்தான் எரிந்துகொண்டிருந்தது! இரவில் சுற்றிவந்து பார்க்கும் காவலாள் யாரும் இல்லை என்பதை விசாரணை முக்கியக் குறையாகச் சொன்னது. படகின் தலைவருக்கு 2024 இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டம் கடுமையான நாட்டிலேயே இந்த நிலை.

செங்கடலில் 2023 ஏப்ரலில் கார்ல்ட்டன் குவீன் என்ற படகு கவிழ்ந்தது. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 11 அன்று ஹரிக்கேன் என்ற படகு தீப்பிடித்து எரிந்தது. அன்று காலை முக்குளிக்கப் போகாமல் இருந்த மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள்.

2024 நவம்பர் 25 அன்று விடியும் முன் ஸீ ஸ்டோரி என்ற படகு மர்ஸா ஆலம் அருகே கவிழ்ந்தது. 35 பேர் பிழைத்தார்கள்; 11 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். சிலர் கவிழ்ந்த படகுக்குள்ளேயே, எஞ்சியிருந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேல் இருட்டில் கிடந்து மீட்கப்பட்டார்கள். பெரிய அலை தாக்கியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிழைத்தவர்களில் சிலர் அதை ஏற்கவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம், அது பழைய ஓட்டைப் படகு அல்ல. 2022 இல் கட்டப்பட்ட புதுப் படகு!

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு 2025 இல் செங்கடல் படகுகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. படகைத் தேர்ந்தெடுப்பதில் பயணிகள் மிகுந்த கவனம் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

மேலே சொன்ன ஒவ்வொரு விபத்தும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. மலிவான படகைத் தேடுபவர் அந்தக் கேள்விகளைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

1. தூங்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டா? அவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் திறக்கின்றனவா? கீழ்த்தள அறை எப்போதும் மலிவு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

2. இரவு முழுக்க விழித்திருந்து சுற்றிவரும் ஆள் உண்டா? ஒவ்வொரு அறையிலும் புகை உணரும் கருவி வேலை செய்கிறதா?

3. கேமரா, விளக்கு, போன் பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்ய விடுகிறார்கள்? லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாத இடத்தில் இரவெல்லாம் போட்டு வைப்பது ஆபத்து.

4. புறப்பட்ட முதல் நாளே உயிர்காப்பு அங்கி அணிந்து அவசரப் பயிற்சி நடத்துகிறார்களா? பேச்சோடு முடித்துக்கொள்கிறார்களா?

5. உயிர்காப்பு மிதவைகள் எத்தனை பேருக்குப் போதும்? கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? முக்குளிப்பு விபத்துக்குத் தேவையான ஆக்சிஜன் படகில் இருக்கிறதா?

6. வானிலை மோசமானால் பாதையை மாற்றுவார்களா? விளம்பரத்தில் போட்ட இடத்துக்கு எப்படியும் கூட்டிப்போவோம் என்று வாக்குக் கொடுக்கும் படகைவிட, போகாமலும் திரும்புவோம் என்று சொல்லும் படகே நல்லது.

அடுத்து பணக் கணக்கு. விளம்பர விலை முழு விலை அல்ல. பூங்காக் கட்டணம், துறைமுகக் கட்டணம், கருவி வாடகை, ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் காற்று, ஊழியர்களுக்கான அன்பளிப்பு, காப்பீடு எல்லாம் தனி. எல்லாவற்றையும் கூட்டி, மொத்த முக்குளிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். விலை குறைந்த படகு சில சமயம் தினம் இரண்டே முறைதான் இறக்கிவிடும். அப்போது அது மலிவே அல்ல.

அனுபவக் கணக்கும் உண்டு. பிரதர்ஸ், டீடலஸ் போன்ற தொலைதூரப் பாறைகளுக்குக் குறைந்தது 50 முக்குளிப்பு அனுபவம் கேட்பார்கள். அங்கே நீரோட்டம் பலமானது. புதிதாகக் கற்றவருக்கு வடக்குப் பாதை, அதாவது ராஸ் முகமது பக்கம், பொருத்தம். அடிக்கடி ஆழம் போய்வருவதால் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அதற்கேற்ற நாளில் டிக்கெட் எடுக்காமல், சல்லிசாகக் கிடைத்தது என்று எடுத்தவர்கள் கடைசி நாளை இழப்பார்கள், அல்லது உடம்பைப் பணயம் வைப்பார்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, விலையும் குறைவு. அறையை இன்னொருவரோடு பகிரலாம். எளிய சாப்பாடு, சின்ன அறை, பழைய சோபா இவற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை. வெளியேறும் வழியிலும், காவலிலும், மிதவையிலும் மிச்சம் பிடிக்கும் படகு மட்டும் வேண்டாம்.

கலிப்ஸோவே 1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்குப் படகு மோதி மூழ்கிப்போனது. எத்தனையோ கடல்களைக் கண்ட கப்பலுக்கே அந்தக் கதி என்றால், எந்தப் படகும் மூழ்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூழ்கும்போது வெளியே வர வழி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, படகுக்கும் பொருந்தும்.