பட்டம் இல்லாத ஆய்வாளர்: சலீம் அலியின் ஆய்வுகளும் அவற்றை அளக்கும் எண்களும்

பிஎச்.டி. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ‘எச்-இண்டெக்ஸ்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைப் போட்டு அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே எண்ணை இவர்களிடமும் கேட்கிறார்கள். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஓர் ஆளை முன்னால் வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். நாம் எடுத்துக்கொள்வது பறவையியலாளர் சலீம் அலியை (1896-1987).

அவரைப் பற்றி நம் சமூக ஏடுகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சிறுவயதில் குருவி சுட்ட கதையில் தொடங்கி, பத்ம விபூஷண் விருதில் முடிந்துவிடும். நடுவில் அவர் ஆய்வில் என்னதான் கண்டுபிடித்தார் என்பது வருவதே இல்லை.

முதலில் அந்த எண். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், தமக்கு முன் அதே பொருளில் உழைத்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இதைத்தான் மேற்கோள் என்கிறோம். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பெரிய அட்டவணையாகத் தொகுத்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ 1964-ல் வெளிவந்தது. 2005-ல் கலிபோர்னியாவின் இயற்பியல் பேராசிரியர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 20. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவர் எண் 1தான். இதழ்களுக்கு ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ என்று இன்னொரு அளவு உண்டு. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள், இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது.

மருத்துவத்துக்கும் மூலக்கூறு உயிரியலுக்கும் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஓரளவு பொருந்தும். விலங்குகள் தம் சூழலில் எப்படி வாழ்கின்றன என்று ஆராயும் விலங்குச் சூழலியலுக்கு அது பொருந்துவது கடினம். பல பறவைகள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் கூடு கட்டும். அந்த ஆண்டு மழை தவறினால் ஆய்வாளர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தத் துறைக்கென்று ‘ஜர்னல் ஆஃப் அனிமல் இகாலஜி’ என்ற இதழே 1932-ல்தான் பிரிட்டனில் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மும்பைக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் சலீம் அலி தம் முக்கியமான ஆய்வை முடித்திருந்தார்.

அந்தக் குருவிக் கதையையும் சொல்லிவிடுவோம். அதில் நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் ஒரு விவரம் இருக்கிறது. தாய் தந்தையை இழந்து மாமா அமீருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவன், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் திட்டு. வழக்கமான சிட்டுக்குருவி இல்லை. இதை உண்பது ஹலாலா என்று சந்தேகம் வந்து மாமாவிடம் கொண்டுபோனான். அவருக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைச் சிறுவன் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. கல்லூரியை விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவின் தவோய்க்குப் போனார். திரும்பி வந்து செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியல் கற்றார், ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையில் பறவையியலாளர் பணி கிடைக்காததற்கு அதுவே காரணம். 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. விடுப்பெடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தபோது அருங்காட்சியக வேலையும் இல்லை. பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

செலவைக் குறைக்க, மனைவி தெஹ்மினாவுடன் அலிபாக் அருகே கிஹிம் கிராமத்தில் போய்த் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத அந்த மழைக்காலம் முழுவதும் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1931-ல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியானது.

தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்க்காத தமிழர் குறைவு. ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதையை அதுவரை யாரும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. ஆண் கூட்டைப் பாதிவரை பின்னி நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். ஒரு பெண்ணுக்குப் பிடித்து அதில் தங்கிவிட்டால், ஆண் மீதிக் கூட்டை முடித்து நீண்ட குழாய் வாசலையும் பின்னும். முட்டை இட்டதும் அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு. ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுவிடும். தூக்கணாங்குருவி மரங்களில் அரைகுறைக் கூடுகள் தொங்குவதற்கு இதுவே காரணம். ஒரு பருவத்தில் ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இணைகளை ஏற்கும் இந்த முறையைத் தேதிவாரியான குறிப்புகளோடு நிறுவியதுதான் கிஹிம் கட்டுரை. இதற்கு அவர் எந்தக் குருவியையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. பறவையைச் சுட்டுத் தோலை உரித்து அளப்பதே பறவையியல் என்றிருந்த காலம் அது.

அந்தக் கட்டுரைக்கு என்ன ஆயிற்று? இரண்டு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1957-ல், வி.சி. அம்பேத்கருடன் சேர்ந்து அதே குருவி பற்றி மேலும் எழுதினார். இந்தியாவில் குடியேறியிருந்த மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், பறவைகளைக் கொல்லாமல் ஆராய்வது பற்றி 1959-ல் அதே கழக இதழில் எழுதினார். பிரிட்டனின் ஜான் குரூக் தூக்கணாங்குருவியைத் தாமே ஆராய்ந்து 1960-ல் கட்டுரை வெளியிட்டார். 1964-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் அதன் உறவினங்களையெல்லாம் ஒப்பிட்டார். காட்டில் பூச்சி தின்னும் இனங்கள் தனித்தனி இணைகளாக வாழ்கின்றன, புல்வெளியில் விதை தின்னும் இனங்கள் கூட்டமாகக் கூடு கட்டிப் பல இணைகளை ஏற்கின்றன என்று காட்டினார். உணவும் வாழிடமும் குடும்ப முறையைத் தீர்மானிக்கின்றன என்ற இந்தக் கருத்து நடத்தைச் சூழலியலின் அடிப்படைகளில் ஒன்றாயிற்று. பாடநூல்களில் நிற்பது குரூக்கின் பெயர். அதில் தவறில்லை, அந்த ஒப்பீடு அவருடைய உழைப்பு. ஆனால் அடியில் கிடக்கும் கள ஆய்வுகளுக்கு மேற்கோள் பட்டியலில் இடம் கிடைப்பது அருகிப்போகிறது. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவாகிவிட்டால், அதை முதலில் சொன்னவரை யாரும் குறிப்பிடுவதில்லை.

கிஹிமுக்குப் பிறகு அவர் வாழ்ந்தது பயணங்களில். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். தெஹ்மினாவும் உடன் சென்றார். தென்னிந்தியாவின் பொன்முதுகு மரங்கொத்தி வகை ஒன்றுக்கு 1934-ல் ‘தெஹ்மினே’ என்று அவர் பெயரை வைத்தவர்களில் ஒருவர் ஹியூ விஸ்லர். இந்த விஸ்லர் அந்நாளில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய அதிகாரி. துடுப்புவால் கரிச்சானின் வாலைப் பற்றி அவர் எழுதியதில் பிழை இருப்பதாகச் சலீம் அலி சுட்டிக்காட்டியபோது முதலில் கோபப்பட்டார். பிறகு மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்துப் பிழையை ஒப்புக்கொண்டு, நெருங்கிய நண்பரானார். தெஹ்மினா 1939-ல் இறந்துவிட்டார்.

1941-ல் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ வந்தது. சிறையில் இருந்தபோது அதைப் படித்துப் பறவைகளை அடையாளம் காணக் கற்றவர்களில் இந்திரா காந்தியும் ஒருவர். 1968 முதல் 1974 வரை, அமெரிக்காவின் தில்லன் ரிப்ளேயுடன் எழுதிய ‘இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் கையேடு’ 10 தொகுதிகளாக வெளிவந்தது. தெற்காசியப் பறவை எதைப் பற்றி ஆய்வு செய்பவரும் இன்றும் முதலில் புரட்டுவது அதைத்தான். இருந்தாலும், இதழ்க் கட்டுரைகளை எண்ணுவதற்காக உருவான அட்டவணைகளில் நூல்களுக்குப் பெரும்பாலும் சரியான கணக்கு இல்லை. கழக இதழின் பழைய கட்டுரைகள் பலவும் அப்படித்தான். ஆகவே இன்று கணினியில் சலீம் அலியின் பெயருக்கு நேராக எந்த எண் வந்தாலும் அதை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தில் கியாசனூர் காட்டு நோய் பரவியது. வலசை வரும் பறவைகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, பறவைகளின் காலில் வளையமிடும் திட்டம் தொடங்கியது. ‘பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த அந்த வளையங்கள் நம் கோடியக்கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இடப்பட்டன. எந்த ஊர்ப் பறவை எங்கே போகிறது என்பதற்கு இந்தியாவில் பெருமளவில் சான்று சேர்ந்தது இப்படித்தான்.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல நாம் வரவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் ஏரிப்பகுதியில் மாடு மேய்ப்பது பறவைகளுக்குக் கேடு என்று அவர் கருதினார். 1981-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேய்ச்சலுக்குத் தடை வந்தது. தடையை எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதே பூங்காவில் 1980 முதல் பத்தாண்டுகள் அவருடைய கழகமே விரிவான சூழலியல் ஆய்வை நடத்தியது. 1991-ல் வந்த அறிக்கை வேறு கதை சொன்னது. எருமைகள் மேயாததால் புல் பெருகி நீர்ப்பரப்பை மூடிவிட்டது, பறவைகளுக்கு அதனால் இடைஞ்சலே என்றது. அந்த முடிவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. தலைவரின் கருத்துக்கு எதிரான முடிவை அவர் வளர்த்த கழகமே அச்சிட்டு வெளியிட்டது. இதைப் பதிவு செய்ய எந்தக் குறியீட்டிலும் இடமில்லை.

கடைசியாக, தேனி மாவட்டத்து மேகமலை. 1948-ல் அங்கே தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று பெயரெழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று 1972-ல் அறிவித்து, ‘லாட்டிடென்ஸ் சலீமாலீ’ என்று பெயரிட்டார். பிறகு 1993-ல் மேகமலையிலேயே அதை உயிரோடு கண்டார்கள். களக்காடு-முண்டந்துறைக் காட்டிலும் அது இருப்பது பின்னர் தெரியவந்தது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சலீம் அலியின் பெயரோடு அது இன்றும் இருக்கிறது.