பீசோவும் பீடையும்

பீசோ என்பது நம் உடம்பிலுள்ள ஒரு புரதத்தின் பெயர். புரதத்துக்கு அந்தப் பெயர் வைத்தது 2010-ல்தான். மூத்திரப்பை நிறைந்துவிட்டது என்ற சேதியை மூளைக்குக் கிளப்பிவிடுவதில் அதற்குப் பெரும் பங்கு இருப்பது பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. சொல்லோ பல ஆயிரம் ஆண்டுப் பழையது. அதன் ஒரு கிளை நம் வீட்டுப் பேச்சிலும் இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘பியெஸெய்ன்’ என்றால் அழுத்துதல், நெருக்குதல். ‘மேலே உட்கார்’ என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அது வந்ததாக மொழிநூலார் கொள்கிறார்கள். அதே வேர் சமஸ்கிருதத்தில் ‘பீட்’ என்னும் வினையானது. அதற்கும் முதற்பொருள் அழுத்துதல், பிழிதல்தான். வருத்துதல் என்பது அதிலிருந்து விரிந்த பொருள். அதன் பெயர்ச்சொல் பீடா, தமிழுக்கு வந்து பீடை ஆயிற்று. ‘காய்ச்சல் பீடித்தது’ என்று எழுதுகிறோம். ‘பீடை ஒழிஞ்சுது’ என்று பெருமூச்சு விடுகிறோம். தமிழில் அழுத்தம் என்ற பொருள் உதிர்ந்து துன்பம் மட்டும் தங்கிவிட்டது. கிரேக்கத்திலிருந்து அறிவியலுக்குப் போன கிளையிலோ அழுத்தம் மட்டும் தங்கியது.

1880-ல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் அண்ணன் தம்பி இருவரும் குவார்ட்ஸ், டூர்மலின் படிகங்களை அழுத்திப் பார்த்தார்கள். கரும்புச் சர்க்கரைப் படிகத்தையும் விடவில்லை. அழுத்திய படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றியது. அடுத்த ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் ஹாங்கல் அந்தக் கிரேக்க வினையை எடுத்து ‘பீசோ மின்சாரம்’ என்று இதற்குப் பெயர் சூட்டினார். தமிழ்ப் பாடநூல்களில் அழுத்தமின் விளைவு என்றும் படித்திருப்போம். அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் ‘டிக்’கென்று பொறி விடுவது இந்த விளைவால்தான்.

இனி 2010. அமெரிக்காவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனம். லெபனானில் பிறந்த ஆர்மீனியர் ஆர்டெம் பட்டபூட்டியனும், அவருடன் பணியாற்றிய பெர்ட்ராண்ட் கோஸ்டும் ஒரு வகைச் சுண்டெலிச் செல்லை மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியால் குத்தினார்கள். குத்தும்போதெல்லாம் செல்லில் மின்னோட்டம் எழுந்தது. எந்த மரபணு அதற்குக் காரணம் என்று அறிய, சந்தேகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக வாயடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் குத்தினார்கள். 72-வது மரபணுவை அடைத்ததும் குத்தலுக்குப் பதில் இல்லை. அதுவரை அதற்கு ‘ஃபாம்38ஏ’ என்ற பட்டியல் பெயர்தான். அதைப் பீசோ1 என்றும், அதன் உடன்பிறப்பைப் பீசோ2 என்றும் மாற்றினார்கள். 2021-ல் பட்டபூட்டியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், மிளகாய்க் காரத்தை உணரும் புரதத்தைக் கண்டவர்.

பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை மூத்திரப்பை காட்டியது. பை நிறைய நிறையச் சுவர் விரிகிறது. உட்சுவர்ச் செல்களிலும் அங்கே வந்து முடியும் நரம்புகளிலும் இருக்கும் பீசோ2 அந்த இழுவிசையில் திறந்துகொள்கிறது. சேதி இடுப்பு நரம்பின் வழியே முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கும், அங்கிருந்து மூளைத்தண்டுக்கும் போகிறது. கழிப்பதற்கான உத்தரவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1925-ல் பூனைகளில் அந்த இடத்தைக் காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் பாரிங்டன். ‘கொஞ்சம் பொறு’ என்று அந்த உத்தரவை நிறுத்திவைப்பது முன்மூளை.

பிறவியிலேயே பீசோ2 வேலை செய்யாதவர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். 2020-ல் வெளியான ஆய்வில் அவர்களிடம் கேட்டபோது, பலருக்கு முட்டுவது என்ற உணர்வே சரியாக இல்லை. நேரம் பார்த்துப் போகிறார்கள். சிலர் அடிவயிற்றைக் கையால் அழுத்திக் கழிக்கிறார்கள். ‘ஒன்னுக்கு முட்டுது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த முட்டல் ஒரு கொடை.

வயிற்று ஸ்கேனுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் குடிக்கச் சொல்லி, ‘நல்லா முட்டினதும் வாங்க’ என்பார்கள். மேசையில் படுத்தால் அடிவயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவி, கருவியை வைத்து அமுக்குவார்கள். ஒலியலையை அனுப்பி வாங்கும் அந்தக் கருவியின் முனையில் இருப்பதும் பீசோ பொருள்தான். தோலுக்கு மேலே ஒரு பீசோ. உள்ளே, ‘போதும், எழுந்து ஓடு’ என்று கத்திக்கொண்டிருப்பது இன்னொரு பீசோ.

அழுத்தத்துக்கும் துன்பத்துக்கும் அந்தப் பழைய வேர் முடிச்சுப் போட்டது சரி என்றே நினைக்கிறேன். பை நிறைந்த சேதியை வழக்கமாகக் கொண்டுபோவன ஏ-டெல்டா என்னும் நரம்பிழைகள். சி இழைகளில் பல, சாதாரண நாட்களில் பேசாமல் கிடக்கும். அழற்சி வந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. அப்போது பாதி நிறைவதற்குள்ளேயே கடுப்பு, எரிச்சல், வலி. கிருமி போன பிறகும் சிலருக்கு அந்த இழைகள் அடங்குவதில்லை. யூரின் கல்ச்சரில் ஒன்றும் வராது. வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் பெண்கள். ‘ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இது அநியாயம். நரம்பு கூர்மையாகிவிட்டது என்பதைக் கல்ச்சர் தட்டு காட்டாது.

கடுப்பு தொடர்ந்தால் மூன்று நாள், எப்போது போனீர்கள், எத்தனை மில்லி, வலி எப்போது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு யூராலஜி மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டிருக்காதீர்கள்.