ஈழத்திற் புகுந்த அயற்செடிகள்

ஒரு நாட்டின் வரலாறு அரசர் வரலாறு மாத்திரம் அன்று. அந்நாட்டுப் புல்பூண்டுகளுக்கும் வரலாறு உண்டு. ஈழத்தின் குளங்களையும் வயல்களையும் வருத்தும் அயற்செடிகள் பல, மனிதர் கைப்பட்டே இங்கு வந்தன என்பதை அவ்வரலாறு காட்டும்.

ஆங்கிலர் ஆட்சியில் 1821இல் பேராதனைத் தாவரப் பூங்கா அமைக்கப்பட்டது. அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய நாயுண்ணி 1826இல் பூங்கா வழியாகவே இத்தீவிற் கால்கொண்டது. பன்னிறப் பூங்கொத்துக்களுக்காக வளர்க்கப்பட்ட அச்செடியின் கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளை எங்கும் பரப்பின. உடவளவையில் யானைகள் மேயும் புல்வெளிகளிற் புதராய் மண்டியதும் இதுவே.

ஆற்றுவாழை எனவும் வழங்கும் ஆகாயத்தாமரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதாப் பூவின் அழகு கருதிக் கொணரப்பட்டது. அது விரைவில் நீர்நிலைகளை அடைத்தமையால், அதனை ஒழித்தற்கென 1909இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம் வந்ததோ கல்வியின் பொருட்டு. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொணரப்பட்ட அது, வெளியேறி வயல்களிலும் வாய்க்கால்களிலும் படர்ந்தது. அதனையே தின்னும் சிறுவண்டு 1986இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பின்னரே பல இடங்களில் அதன் பெருக்கம் தணிந்தது.

வடபகுதிக்குப் பெருந்தீங்கு விளைத்தது பார்த்தீனியம். 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட இச்செடி, யாழ்ப்பாணத்துத் தோட்ட நிலங்களிலும் பரவியது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை ஈனும். அதனைத் தொடுவோர்க்குத் தோல் அழற்சியும், அதன் மகரந்தத்தைச் சுவாசிப்போர்க்கு இளைப்பும் உண்டாதல் கூடும்.

அயல்நாட்டுச் செடி யாவும் பகையல்ல. யாழ்ப்பாணத்து உழவரை வாழ்வித்த மிளகாயும் புகையிலையும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவை உழவன் இட்ட எல்லைக்குள் நின்றன. தாயகத்திற் பூச்சிகளாலும் நோய்களாலும் அடங்கியிருந்த செடி, அப்பகைகள் இல்லாத புதுநிலத்தில் எல்லை கடந்து பெருகும்போதே கேடு விளைகின்றது.

களையைப் பிடுங்குதல் மட்டும் இதற்குப் போதிய மருந்தாகாது. வெறுமையாய் விடப்பட்ட மண்ணில் புதைந்துள்ள விதைகள் அடுத்த மழையில் மீண்டும் முளைக்கும். பூக்குமுன் களைந்து, அவ்விடத்தே நாட்டுச்செடிகளை நிரப்புதல் வேண்டும். தகரை, ஆவரை முதலியன நெருங்கி வளர்ந்து பார்த்தீனியத்தை அடக்குதல் இந்தியாவிற் கண்டறியப்பட்ட உண்மையாகும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுவழியன்று. பூவரசும் கிளுவையும் முன்னோரின் உயிர்வேலிகள். பூவரசங் குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாயிற்று. வேலிகள் மதில்களாக மாறிய இடங்களில் அச்செல்வம் அருகியது. வீட்டு முற்றத்திலும் கல்லூரி வளவிலும் பூவரசு, கொன்றை, நொச்சி, ஆவரை ஆகியன மீண்டும் நடப்படுமாயின், அழகும் நிழலும் பசளையும் ஒருங்கே கிடைக்கும். தோட்டத்தின் வழியே புகுந்த கேட்டைத் தோட்டத்திலிருந்தே நீக்கத் தொடங்குதல் தகும்.