விஷ மண்ணிலும் மரம் எப்படிப் பிழைக்கிறது?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம் இருப்பவர்களுக்குச் சீமைக்கருவேலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'கண்மாய்த் தண்ணியெல்லாம் இதுதான் உறிஞ்சுது' என்று திட்டாத ஆளே கிடையாது. ஆனால், அந்த வேர் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. மண்ணில் குரோமியம், காட்மியம் மாதிரி கன உலோகங்கள் கலந்திருந்தால், அவற்றையும் சேர்த்தே இழுக்கிறது.

ஆசைப்பட்டு இழுப்பதில்லை, ஏமாந்துதான் இழுக்கிறது. மரத்துக்குத் துத்தநாகம் கொஞ்சம் வேண்டும், கந்தகம் வேண்டும். அதற்கென வேரில் வாசல்கள் உண்டு. துத்தநாகத்தின் வாசலில் காட்மியம் நுழைந்துவிடும். கந்தகத்தின் வழியில் குரோமியம் புகுந்துவிடும்.

வந்த விருந்தாளியை மரம் என்ன செய்யும்? பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிடப் பார்க்கும். வேர்ச் செல்லின் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டி வரும் உலோகத்தைக் கந்தகம் நிறைந்த சின்னப் புரதத் துண்டுகள் கட்டிப்போடும். கட்டியதை, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் போட்டு மூடிவிடும். நம்ம வீட்டில் பூச்சிமருந்து டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத பரணில் வைப்போமே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான். பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இதில் உச்சம். அதன் பால் நீலப்பச்சை நிறம். அந்தப் பாலைக் காயவைத்து எடை போட்டால் கால்வாசி வரை நிக்கல் இருக்கிறது என்று 1976-ல் கண்டுபிடித்தார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் குவிந்து கிடந்தது. 2006-ல் உலகின் மோசமான மாசுபட்ட 10 இடங்கள் என ஒரு பட்டியல் வெளியானபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அங்கே பிரச்னை குரோமியம்-6. தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் தரும் ரகம். அமெரிக்காவின் எல் பாசோ நகர ஆய்வாளர்கள், சீமைக்கருவேல வகைச் செடிக்குள் போகும் குரோமியம்-6, ஆபத்து குறைந்த குரோமியம்-3 ஆக மாறுவதை 2003-ல் காட்டினார்கள். நாம் வெட்டித்தள்ளும் மரத்துக்கு இப்படியும் ஒரு குணம்!

உடனே நட்டுவிடலாமா? அவசரப்படாதீங்க. மரம் உலோகத்தை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. இலைக்குப் போனது, சருகாக உதிர்ந்து திரும்ப மண்ணுக்கே வரும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குப் போகும். விறகாக எரித்தால் சாம்பலில் தங்கும். அதனால் விஷ மண்ணில் நடும் மரத்தை மேய்ச்சலுக்கும் அடுப்புக்கும் விடக்கூடாது. வேரோடு உலோகத்தைப் பிடித்துவைத்து, புழுதி கிளம்பாமல், மழைத் தண்ணீரில் அடித்துப்போகாமல் தடுப்பதுதான் மரத்தால் நிச்சயமாக ஆகிற காரியம். மண்ணைச் சுத்தமாக்க என்றால் பல வருஷம் ஆகும், அதுவும் லேசான மாசுக்குத்தான்.

சமையலறைக்கும் இதில் வேலை உண்டு. பொதுவாக இலையிலும் கிழங்கிலும் சேரும் அளவுக்குக் காயிலும் பழத்திலும் உலோகம் சேர்வதில்லை. பட்டறை ஓரத்திலோ பழைய பேட்டரி உடைத்த இடத்திலோ வளர்ந்த முருங்கையில் கீரை பறிக்காதீங்க. கழுவினால் மேலே படிந்த தூசி போகும். உள்ளே ஏறியது போகாது.

சந்தேகம் இருந்தால் மண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு விஷயம்: மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தும் துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்துகளும்தான் வரும். ஈயமும் குரோமியமும் அதில் கிடையாது. தனியாகக் கேட்டு, அதற்கான ஆய்வகத்தில்தான் கொடுக்கவேண்டும்.